பேட்டண்ட் மருந்துக்கு உண்மையிலேயே பேட்டண்ட் உண்டா?

விழுப்புரம் போகும் பஸ் திண்டிவனத்தில் நின்றபோது ஒருவர் தோளில் பையோடு ஏறினார். கண்டக்டர் கம்பியில் சாய்ந்தபடி ஸ்டேஜ் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஏறியவர் விரல் நீளப் பாட்டில் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, “மூட்டுவலி, முதுகுவலி, நரம்புப் பிடிப்பு, எதுவானாலும் இந்த ஒரே தைலம். கவர்மெண்ட் பேட்டண்ட் வாங்கின சரக்கும்மா” என்றார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு பாட்டில் வாங்கினார்.

“பேட்டண்ட்னா என்னக்கா?” என்று கேட்டேன்.

“கவர்மெண்ட்ல சோதிச்சுப் பாத்து, இது நல்ல மருந்துன்னு எழுதிக் குடுக்குறது தம்பி.”

அக்கா மட்டும் அப்படி நினைக்கவில்லை. படித்தவர்களும் பேட்டண்ட் என்றால் ஏதோ ஒரு தரச் சான்றிதழ் என்றுதான் நினைக்கிறார்கள். இன்னும் சிலர், பேட்டண்ட் மருந்து என்றால் பேட்டண்ட் வாங்கிய மருந்து என்று சொல்லி முடித்துவிடுவார்கள். இரண்டுமே தப்பு. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள, கிட்டத்தட்ட 300 வருஷம் பின்னால் போக வேண்டும். பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்த வட அமெரிக்காவின் ஒரு துறைமுக ஊருக்கு. போகிற வழியில், கண்டக்டர் எழுதிக்கொண்டிருந்த அந்த ‘ஸ்டேஜ்’ என்ற வார்த்தையும் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

அந்த ஊர்

ஊரின் பெயர் பிலடெல்பியா. டெலவேர் ஆற்றங்கரையில் 1682-ல் வில்லியம் பென் அமைத்தது. அடுத்த நூறு வருஷத்துக்குள் அமெரிக்கக் குடியேற்றங்களிலேயே பெரிய ஊராக வளர்ந்துவிட்டது. ஆற்றங்கரையில் கப்பல்துறை, அதை ஒட்டிக் கிடங்குகள், அப்புறம் கடைத்தெரு. பீப்பாய் செய்பவர், சக்கரம் செய்பவர், கொல்லர், மெழுகுவர்த்தி வார்ப்பவர், தோல் பதனிடுபவர், அச்சுக்காரர் என்று தெருவுக்குத் தெரு தொழிலாளர்கள். சின்னப் பையனை ஒரு தொழிலாளியிடம் கொண்டுபோய் விட்டால் பல வருஷம் கூடவே இருந்து தொழில் பழகுவான். வழக்கமாக 7 வருஷம். இந்த 7-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கடைகளுக்குக் கதவு எண் கிடையாது. ‘மணிக்கூண்டுக்கு எதிர்க்கடை’ என்று நாம் வழி சொல்வதுபோல, அங்கே பலகையில் வரைந்த படத்தை வைத்து வழி சொன்னார்கள். ஒரு கடை வாசலில் தங்கப் பந்து தொங்கும், இன்னொன்றில் பைபிள் படம் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்துக் கடையைக் கண்டுபிடிப்பார். படத்தையும் வடிவத்தையும் வைத்து ஒரு சரக்கை நம்பும் இந்தப் பழக்கம்தான், பின்னால் மருந்துப் புட்டி வியாபாரத்தின் உயிர்நாடியாக ஆனது.

ஸ்டேஜ் என்றால் என்ன?

குதிரைவண்டிப் பயணம் என்றதும் பளபளக்கும் மூடிய சாரட்டு வண்டி மனதில் வரும். அன்றைய அமெரிக்க ஊர்களுக்கு இடையே ஓடிய பெரும்பாலான வண்டிகள் அப்படி இல்லை. நம் ஊர்க் கூண்டு வண்டியைக் கொஞ்சம் நீட்டி, உள்ளே சாய்மானம் இல்லாத பலகைகளைக் குறுக்கே போட்டால் எப்படி இருக்குமோ, ஏறக்குறைய அதுதான். பக்கவாட்டில் கதவுக்குப் பதில் தோல் திரை. முன்பக்கமாக ஏறி, முன் பலகைக்காரர்களைத் தாண்டிக்கொண்டு பின் பலகைக்குப் போக வேண்டும். அடியில் ஸ்பிரிங் கிடையாது. பாதையில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் முதுகுத்தண்டுக்குத் தெரியும்.

ஒரே குதிரைகள் நாள் முழுக்க இழுக்க முடியாது. அதனால் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஒரு சத்திரத்தில் நிறுத்துவார்கள். அங்கே களைத்த குதிரைகளை அவிழ்த்து, ஓய்ந்திருந்தவற்றைப் பூட்டுவார்கள். அப்படிப்பட்ட ஒரு துண்டுக்குத்தான் ஸ்டேஜ் என்று பெயர். ஸ்டேஜ் ஸ்டேஜாகப் போகும் வண்டி ஸ்டேஜ் கோச். நம் ஊர்ப் பஸ்ஸில் கட்டணம் கணக்கிடும் தூரத்தை இன்றும் ஸ்டேஜ் என்கிறோம். சட்டத்திலும் ரூட் பஸ்ஸுக்கு ‘ஸ்டேஜ் கேரேஜ்’ என்றுதான் பெயர். குதிரைகள் போய் எவ்வளவோ காலமாகியும் வார்த்தை போகவில்லை.

பிலடெல்பியாவிலிருந்து நியூயார்க் ஏறத்தாழ 150 கிலோமீட்டர், சென்னையிலிருந்து விழுப்புரம் போகும் தூரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 1750-களில் அந்த வழியில் ஓடிய வண்டி 3 நாள் எடுத்துக்கொண்டது. 1766-ல் இரண்டே நாளில் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக ஒரு வண்டி விளம்பரம் செய்தது. பலகைக்கு அடியில் ஸ்பிரிங் வைத்திருந்தார்கள். அந்த வேகத்தைப் பார்த்து அதற்கு வைத்த பெயர் ‘பறக்கும் இயந்திரம்’.

வண்டிக்கும் மருந்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மருத்துவர் ஊர் ஊராகப் போக முடியாது, ஆனால் புட்டி போகும். லண்டனில் அடைத்த புட்டி கப்பலில் வாரக்கணக்கில் பயணம் செய்து டெலவேர் கரையில் இறங்கும். அங்கிருந்து சரக்கு வண்டியில் உள்நாட்டுக்குப் போகும். மருத்துவரே இல்லாத கிராமத்துக் கடையிலும் அந்தப் புட்டி அலமாரியில் நின்றது. கூடவே ஒரு மடித்த தாள் வரும். என்ன நோய்க்கு எத்தனை சொட்டு, எதில் கலந்து குடிக்க வேண்டும் என்று அதில் அச்சிட்டிருக்கும். வைத்தியரின் வாய்ச்சொல்லுக்குப் பதிலாக அச்சடித்த தாள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: கப்பலும் வண்டியும் பாதையும் வந்ததால், யாரோ முகம் தெரியாதவர் எங்கோ தயாரித்த மருந்தை, வைத்தியர் இல்லாமலே வாங்கிக் குடிக்கும் வழக்கம் வந்தது. முகம் தெரியாதவரை எதை வைத்து நம்புவது? பேட்டண்ட் என்ற பெயர் உள்ளே நுழைவது இந்த இடத்தில்தான்.

அச்சகத்தில் மருந்து

அதற்கு முன், மருந்தை யார் விற்றார்கள் என்று பார்ப்போம். மருந்து தயாரித்து விற்பவருக்கு அப்பாத்திக்கரி என்று பெயர். இலங்கையில் ஆஸ்பத்திரியிலும் தேயிலைத் தோட்டத்திலும் ‘அப்போதிக்கரி ஐயா’ என்று அழைத்தார்களே, அந்தச் சொல்லின் மூலம் இதுதான். ஆனால் புட்டி மருந்துகளை அவர்கள் மட்டும் விற்கவில்லை. மளிகைக் கடைக்காரர், தையல்காரர், புத்தகக் கடைக்காரர் எல்லாரும் விற்றார்கள். அமெரிக்கச் செய்தித்தாளில் இப்படிப்பட்ட மருந்துக்கு வந்த விளம்பரங்களில் மிகப் பழையதாகச் சொல்லப்படுவது, பாஸ்டன் ஊரில் 1708 அக்டோபரில் வெளியானது. டாஃபி எலிக்ஸிர், அரை பைண்ட் புட்டி 4 ஷில்லிங் 6 பென்ஸ். விற்றவர் புத்தகக் கடைக்காரரான நிக்கோலஸ் பூன்.

அச்சுக்காரர்களுக்கு இந்த வியாபாரம் கையில் வந்து விழுந்தது என்றே சொல்லலாம். செய்தித்தாள் அவர்களுடையது, விளம்பரம் போடச் செலவில்லை. பல ஊர்களில் தபால் அலுவலகமும் அவர்கள் கடையிலேயே இருந்தது. கடிதம் வாங்க வருபவர் கண்ணில் புட்டி படும். பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்ளின் அச்சகம் வைத்திருந்தார், 1729-லிருந்து செய்தித்தாள் நடத்தினார், 1737-லிருந்து ஊரின் தபால் தலைவர். கடையில் காகிதம், மை, சோப்பு, காப்பி எல்லாம் விற்றார்கள்.

அவர் மாமியாரின் விளம்பரம் ஒன்று இருக்கிறது. 1731-ல் வந்தது, எனக்கு மிகவும் பிடித்தது. விதவை ரீட் அம்மாள் வீடு மாறியிருக்கிறார், ஆனாலும் பேர்பெற்ற தன் சொறி களிம்பைத் தொடர்ந்து செய்து விற்கிறார் என்று ஊருக்கு அறிவிக்கிறது அந்த விளம்பரம். ஒரு அவுன்ஸ் கொண்ட சிறு ஜாடி 2 ஷில்லிங். ஒருபோதும் தவறாது, சீக்கிரம் குணமாகும், கூடவே ஒன்றிரண்டு முறை தடவினால் பேனும் போய்விடும் என்கிறது. நம் தெருவில் ‘அந்தப் பாட்டி கொடுக்கும் சிரங்கு எண்ணெய்’ என்று சொல்வோமே, அதே கதைதான். செய்பவரை எல்லாருக்கும் தெரியும், வீடு தெரியும். சரியில்லை என்றால் வாசலில் போய்ச் சண்டை போடலாம். அதனால் ரீட் அம்மாளுக்குப் பேட்டண்ட் எதுவும் தேவைப்படவில்லை.

மருந்தும் செய்தித்தாளும் கைகோத்து நடப்பது நம் பக்கத்திலும் உண்டு. 1893-ல் பம்பாயில் அமிர்தாஞ்சன் தொடங்கிய நாகேஸ்வர ராவ் பந்துலுதான் 1908-ல் ‘ஆந்திர பத்திரிகா’வையும் தொடங்கினார். இரண்டும் பின்னர் சென்னைக்கு வந்தன. தலைவலித் தைலத்தில் வந்த பணம் ஒரு பத்திரிகையை வளர்த்தது.

ராஜா கொடுத்த பட்டயம்

சரி, இப்போது பேட்டண்ட். நம் ஊரில் ராஜாக்கள் செப்பேட்டில் பட்டயம் எழுதிக் கொடுத்தார்கள். இன்னாருக்கு இந்த நிலம், இந்த உரிமை, இதற்கு யாரும் இடைஞ்சல் செய்யக் கூடாது என்று எல்லாரும் அறிய எழுதியது. இங்கிலாந்து அரசரும் அதே மாதிரி ஓலை கொடுத்தார். சுருட்டி மூடி முத்திரை வைத்த ஓலை ஒருவர் மட்டும் படிக்க வேண்டியது. விரித்தபடி, அடியில் முத்திரை தொங்கக் கொடுத்தது எல்லாரும் படிக்க வேண்டியது. இந்தத் திறந்த ஓலைக்கு லத்தீன் வழியாக வந்த பெயர்தான் பேட்டண்ட். அந்தச் சொல்லுக்குப் பொருளே ‘திறந்தது’.

இந்த ஓலை பல விஷயங்களுக்குக் கொடுக்கப்பட்டது. அதில் ஒன்று, புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்குச் சில வருஷம் தனி உரிமை கொடுப்பது. தமிழில் இன்று காப்புரிமை என்கிறோம். 1624-ல் இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, அந்த உரிமைக்கு 14 ஆண்டு என்று வரம்பு வைத்தது. தொழில் பழகும் 7 வருஷத்தை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அதன் இரண்டு மடங்கு.

இங்கே கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம்: இந்த ஓலை ‘இதை மற்றவர்கள் செய்யக் கூடாது’ என்று மட்டும் சொன்னது. ‘இது நல்லது’ என்று எங்கும் சொல்லவில்லை. ஒரு காலி மனையைப் பத்திரப் பதிவு செய்தால் அது உங்களுடையது என்று ஆகும். அங்கே கிணறு வெட்டினால் தண்ணீர் வரும் என்று பதிவாளர் சொல்வதில்லை. பேட்டண்டும் அப்படித்தான். அரசரின் மருத்துவர் யாரும் அந்த மருந்தைக் குடித்துப் பார்த்து ஓலை எழுதவில்லை.

இன்றும் நிலைமை அதுவே. பேட்டண்ட் அலுவலகம் பார்ப்பது, இது புதிதா, ஏற்கெனவே தெரிந்ததா என்பதை. மஞ்சள் விஷயம் பலருக்கு நினைவிருக்கும். காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995-ல் அமெரிக்காவில் ஒரு பேட்டண்ட் கொடுத்தார்கள். இது எங்கள் பாட்டிக்கே தெரியும் என்பதை இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழு ஆவணங்களோடு காட்ட, 1997-ல் அதை ரத்து செய்தார்கள். மஞ்சள் காயத்தை ஆற்றாது என்று யாரும் ரத்து செய்யவில்லை, அது புதிதில்லை என்பதுதான் காரணம். ஒரு மருந்து உடம்புக்கு ஆகுமா ஆகாதா என்று பார்த்து விற்க அனுமதி கொடுப்பது முற்றிலும் வேறு அலுவலகத்தின் வேலை.

இந்தப் பகுதியிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலும் போதும்: பேட்டண்ட் என்பது உரிமை, தரச் சான்று அல்ல.

பேட்டண்ட் இல்லாத பேட்டண்ட் மருந்துகள்

சில மருந்துகள் உண்மையிலேயே அந்த ஓலையை வாங்கின. 1712-ல் ஸ்டவுட்டன் எலிக்ஸிர், 1726-ல் பேட்மேன் சொட்டு மருந்து, 1744-ல் டர்லிங்டன் பால்சம். மக்கள் ‘ராஜா பேட்டண்ட்’ என்ற வார்த்தைக்கு மயங்குவதைப் பார்த்ததும், அதே மாதிரிப் புட்டியில் விற்ற மற்ற மருந்துகளுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பாஸ்டனில் விளம்பரமான டாஃபி எலிக்ஸிர் பேட்டண்ட் வாங்கியதில்லை. குழந்தைகளுக்குக் கொடுத்த காட்ஃப்ரி கார்டியலும் வாங்கியதில்லை. வாங்கியவற்றுக்கும் 14 வருஷத்தில் உரிமை முடிந்துவிட்டது, பெயர் முடியவில்லை. வனஸ்பதிக்கு எல்லாம் டால்டா என்று பெயர் வந்த மாதிரி.

ஏன் மற்றவர்கள் பேட்டண்ட் வாங்கவில்லை? பேட்டண்ட் ஒரு பண்டமாற்று. நீ கண்டுபிடித்ததை ஊருக்குச் சொல்லிவிடு, பதிலுக்குச் சில வருஷம் உனக்குத் தனி உரிமை. இந்த நிபந்தனை இங்கிலாந்தில் 1730-களிலிருந்து மெல்ல இறுகத் தொடங்கியது. அமெரிக்கா விடுதலை பெற்று 1790-ல் போட்ட பேட்டண்ட் சட்டத்தில் தெளிவாகவே இருந்தது. மருந்து வியாபாரிக்கு இது ஒத்துவராது. இப்படி நினைத்துப் பாருங்கள்: ஒரு பிரியாணிக் கடைக்காரரிடம், உங்கள் மசாலாவில் என்னென்ன எவ்வளவு என்று கடை வாசலில் எழுதி ஒட்டுங்கள், 14 வருஷம் வேறு யாரும் அதைச் செய்யாமல் பார்த்துக்கொள்கிறோம் என்றால் ஒப்புக்கொள்வாரா? ரகசியத்தைக் காப்பாற்றினால் பேரன் காலம் வரை கடை ஓடுமே. அதனால்தான் அமெரிக்காவில் பேட்டண்ட் மருந்து என்று பெயர் பெற்றவற்றில் பெரும்பாலானவை அரசிடம் பேட்டண்ட் கேட்டே போகவில்லை. அந்த நாட்டில் ஒரு மருந்துக்கு முதல் பேட்டண்ட் கொடுத்தது 1796-ல், கனெக்டிகட்டைச் சேர்ந்த சாமுவேல் லீ என்பவரின் பித்த மாத்திரைக்கு.

ஆக, ‘திறந்தது’ என்று பொருள்படும் ஒரு சொல், உள்ளே இருப்பதைச் சொல்லாத மூடிய புட்டிகளுக்குப் பெயராகிவிட்டது. இந்த முரண்பாடு புரிந்துவிட்டால் விஷயத்தில் பாதி புரிந்த மாதிரி.

புட்டியின் வடிவம்

ரகசியத்தை மட்டும் நம்பினால் போதாது. எவனோ ஒருவன் சாராயத்தில் வெல்லப்பாகைக் கலந்து அதே பெயரில் விற்றால் என்ன செய்வது? ராபர்ட் டர்லிங்டனுக்கு வந்த சங்கடம் அதுதான். தன் பால்சத்தில் 27 பொருட்கள் இருப்பதாகச் சொன்னவர், காலிப் புட்டிகளை விலைக்கு வாங்கிப் போலிச் சரக்கை ஊற்றி விற்கிறார்கள் என்று அச்சிட்டுப் புலம்பினார். பேட்டண்ட் கையில் இருந்தும் அது காப்பாற்றவில்லை. கடைசியில் 1754-ல் புட்டியின் உருவத்தையே மாற்றினார்.

அந்தப் புட்டியின் படத்தைப் பார்த்தால் மறக்க முடியாது. உள்ளங்கையில் அடங்கும், பேரிக்காய் மாதிரி அடியில் பருத்த தட்டையான கண்ணாடி. அதன் மேல் எழுத்துகள் புடைத்துக்கொண்டு நிற்கும், விரலால் தடவினாலே தெரியும். அரசரின் பேட்டண்ட் பெற்ற ராபர்ட் டர்லிங்டன், உயிர் காக்கும் பால்சம், லண்டன், 1754 ஜனவரி 26 என்று தேதியோடு. ஒட்டிய தாளைக் கிழிக்கலாம், கண்ணாடியிலேயே வார்த்த எழுத்தை எப்படி அழிப்பது? நம் பக்கத்தில் கோலி சோடா புட்டியைத் தூரத்தில் இருந்தே அடையாளம் காண்போமே, அந்த மாதிரி ஒரு முயற்சி.

பெயர், படம், வடிவம் என்று ஒரு சரக்கு யாருடையது என்பதைக் காட்டும் அடையாளத்துக்கு இன்று வணிகக்குறி என்று பெயர், டிரேட்மார்க். பேட்டண்ட் சில வருஷத்தில் முடியும். வணிகக்குறியைப் பயன்படுத்திப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் முடிவே இல்லை. பேட்டண்ட் மருந்து என்று ஊர் சொன்னதெல்லாம் நடைமுறையில் ரகசியமும் வணிகக்குறியும் சேர்ந்த கலவை. அடுத்த முறை யாராவது பேட்டண்ட் மருந்து என்றால் மனசுக்குள் ‘பெயர் மருந்து’ என்று மாற்றிப் படியுங்கள், சரியாக இருக்கும்.

ஆனால் அந்த வடிவமும் போலிகளை நிறுத்தவில்லை. அமெரிக்க விடுதலைப் போர் வந்து பிரிட்டிஷ் சரக்கு வருவது நின்றபோது, ஊர் அப்பாத்திக்கரிகள் பழைய ஆங்கிலப் புட்டிகளில் தங்கள் கலவையை நிரப்பினார்கள். போர் முடிந்த பிறகும் நிறுத்தவில்லை. அது மலிவு, வாங்குபவர் கேட்டதும் அந்தப் புட்டியைத்தான்.

உள்ளே என்ன இருந்தது?

இதை ஏமாற்று என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அன்றைய மருத்துவரிடம் போனால் ரத்தத்தை வடித்துவிடுவார், பாதரசம் கலந்த பேதி மருந்து கொடுப்பார், பணமும் நிறைய வாங்குவார். கிருமி என்ற ஒன்று நோய் தரும் என்று யாருக்கும் தெரியாது. அதோடு ஒப்பிட்டால் ஒரு புட்டி மருந்து மலிவு, வலி இல்லை, வீட்டிலேயே குடிக்கலாம். தப்பான முடிவு என்று சொல்ல முடியுமா?

குடித்தவர்களுக்குப் பலன் தெரிந்ததும் உண்மை. டாஃபி எலிக்ஸிரில் நிலாவாரையும் சோம்பும் சாராயத்தில் ஊறியிருந்தன. நிலாவாரை குடித்தால் வயிறு இளகும், அது நம் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைப்பதுதான். பேட்மேன் சொட்டிலும் காட்ஃப்ரி கார்டியலிலும் அபின் இருந்தது. அபின் இருமலை அடக்கும், வயிற்றுப்போக்கை நிறுத்தும், வலியை மறக்கடிக்கும், தூங்கவைக்கும். நோய் போயிருக்காது, ஆனால் ராத்திரி தூக்கம் வந்திருக்கும். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரரிடம் ‘நல்ல மருந்து’ என்று அவர் சொன்னதில் பொய் இல்லை.

ஆபத்தும் அங்கேதான் இருந்தது. காட்ஃப்ரி கார்டியல் அழும் கைக்குழந்தைக்குக் கொடுப்பது. வெல்லப்பாகு சேர்ந்து இனிப்பாக இருக்கும், குழந்தை சப்புக்கொட்டிக் குடிக்கும், அழுகை நிற்கும். ஒரு ஸ்பூனில் எவ்வளவு அபின் இருக்கிறது என்று தாய்க்குத் தெரிய வழியே இல்லை. புட்டியில் எழுதவில்லை. ஒவ்வொரு கடைக்காரரும் ஒவ்வொரு அளவில் கலந்தார். அளவு மீறிய குழந்தைகள் எழுந்திருக்கவே இல்லை. இங்கிலாந்தில் 19-ஆம் நூற்றாண்டு வரை அந்த மரணங்கள் நடந்தன. இதைப் படிக்கும்போதெல்லாம் அந்தத் தாய்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன். பிள்ளை நன்றாகத் தூங்குகிறது என்று நிம்மதியாக விளக்கை அணைத்திருப்பார்கள்.

ரகசியம் என்பது வியாபாரிக்கு முதலீடு என்று சொன்னேன். அதன் மறுபக்கம் இது.

மூடியைத் திறந்தவர்கள்

மூடியைத் திறந்ததில் அதே பிலடெல்பியாவுக்குப் பங்கு உண்டு. அங்கே மருந்தாளர்கள் சேர்ந்து 1821-ல் ஒரு கல்லூரி தொடங்கினார்கள். புகழ்பெற்ற பழைய ஆங்கில மருந்துகளுக்குப் புழக்கத்தில் இருந்த செய்முறைகளைச் சேகரித்து ஒப்பிட்டார்கள். ஒரே பெயர், ஒரே வடிவப் புட்டி, உள்ளே வேறு வேறு சரக்கு. அபின் அளவுகூடக் கடைக்குக் கடை பெரிய அளவில் மாறியது. மக்களை விடச் சொன்னால் விடமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் 1824-ல் டர்லிங்டன், பேட்மேன், காட்ஃப்ரி உட்பட 8 மருந்துகளுக்கு ஒரே சீரான செய்முறையை அச்சிட்டு வெளியிட்டார்கள். இனி எந்தக் கடையில் வாங்கினாலும் ஒரே அளவு என்பது அவர்கள் எண்ணம். மொத்தம் 12 பக்கம். என்னைக் கேட்டால், இந்தக் கதையில் உண்மையான பேட்டண்ட், அதாவது திறந்த ஓலை, அந்த 12 பக்கம்தான்.

சட்டம் வர இன்னும் 80 வருஷத்துக்கு மேல் ஆனது. 1906-ல் அமெரிக்க அரசு, மருந்தில் சாராயம், அபின் போன்றவை இருந்தால் எவ்வளவு என்று லேபிளில் எழுத வேண்டும் என்றது. நம் நாட்டில் 1940-ல் வந்த மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தில் ‘பேட்டண்ட் அல்லது புரொப்ரைட்டரி மெடிசின்’ என்ற சொல்லே இருக்கிறது. சித்த, ஆயுர்வேத மருந்துகளைப் பொறுத்தவரை அதற்குப் பொருள் இதுதான்: அங்கீகரித்த பழைய நூல்களில் உள்ள சரக்குகளை எடுத்து, ஒரு நிறுவனம் தன் சொந்தச் சேர்மானமாகச் செய்த மருந்து. அதற்குப் பேட்டண்ட் எண் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் என்னென்ன சரக்கு, எவ்வளவு என்ற பட்டியலும், தயாரிப்பு உரிம எண்ணும் லேபிளில் இருக்க வேண்டும்.

பஸ் விக்கிரவாண்டி தாண்டியதும் இதையெல்லாம் அக்காவிடம் ஓரளவுக்குச் சொல்லி முடித்திருந்தேன். அவர் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முன்பக்கம் ஒரு சாமியார் படம், கீழே மருந்தின் பெயர், பெயருக்கு மேல் மூலையில் பொடி எழுத்தில் ‘டி.எம்.’ என்று இருந்தது. டிரேட்மார்க்கின் சுருக்கம் அது. பேட்டண்ட் எண் இல்லை.

“இது படத்துக்கும் பேருக்குந்தானே? உள்ள என்ன போட்டிருக்குன்னு எங்க தம்பி எழுதியிருக்கு?” என்று கேட்டுக்கொண்டே பாட்டிலைப் பின்பக்கம் திருப்பினார். பின்பக்கம் தீரும் நோய்களின் பட்டியல் இருந்தது. இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தார், அடியையும் பார்த்தார். அப்புறம் மூடியை இறுக்கி, இரண்டு பாட்டிலையும் பையில் தனியாக ஒரு ஓரத்தில் வைத்தார். கண்டக்டர் விழுப்புரம் வந்துவிட்டது என்று குரல் கொடுத்தார்.